நிறைக்குப் பூஜ்யம் போட்ட மதியம்

"நிறை இருக்கிற எடத்துல பூஜ்யம் போட்டா இன்னாடி ஆவும்?"

அவள் கேட்டது அவ்வளவுதான். கையில் அரை விரல் நீளத்துக்குச் சாக்பீஸ், துப்பட்டா முனையெல்லாம் வெள்ளைத் தூள். கரும்பலகையில் எங்கள் மூன்றாம் அத்தியாயத்தின் கடைசிச் சமன்பாடு. நான் மேசை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, தேர்வாளர் மாதிரி குரலை மாற்றி அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். பதிலுக்கு அவள் என்னிடம் கேட்டது இது.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு எங்களுக்கு வைவா. எம்.எஸ்ஸி. இயற்பியல் கடைசி செமஸ்டரில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். அதைப் பைண்டு பண்ணிக் கொடுத்துவிட்டு, வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் கடைசி. நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு வருகிறவள். வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும். என் கூட்டாளி அடி அண்ணாமலைக்காரி. கிரிவலப் பாதையிலேயே வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவள் வீட்டு வாசலில் சோடாவும் மோரும் விற்பார்கள்.

என் பையில் ஒரு கடிதம் இருந்தது. நான்காய் மடித்து, மடிப்பெல்லாம் நைந்துபோய். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டு, தேர்ந்தெடுத்து, ஜூலை முதல் வாரம் வந்து சேரச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை, அதற்குள் எம்.எஸ்ஸி. முடித்த சான்றிதழ் வேண்டும். முதல் வகுப்பில். ப்ராஜெக்ட்டைத் 'திருத்தி மீண்டும் சமர்ப்பிக்க' என்று எழுதிவிட்டால் அடுத்த வாய்ப்பு நவம்பருக்கு மேல். அப்போது அந்தக் கடிதம் வெறும் காகிதம். இதை நான் அந்த மாதம் முழுக்க ஒரு நாளைக்குப் பத்து முறை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ப்ராஜெக்ட்டின் தலைப்பு 'விசைகளும் பரிமாற்றத் துகள்களும்'. டிபார்ட்மென்டில் மற்ற எல்லோரும் படிகம் வளர்த்தார்கள், மெல்லிய படலம் பூசினார்கள், ஏதோ ஒரு கண்ணாடிக் குழாயையாவது உடைத்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் பேனாவும் பேப்பரும். "எழுத்து வேலைதான, கையெழுத்துக்குத்தான் மார்க்கு" என்று ஆய்வகத்துப் பையன்கள் கிண்டல் பண்ணுவார்கள். ஆசிரமங்கள் இருக்கிற செங்கம் ரோடு பக்கம் போய்க் குவாண்டம் என்று சொன்னால் இன்னும் மோசம். தியான வகுப்பு நடத்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு நேரம் கேட்பார்கள்.

எனக்கோ அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத காலம் அது. அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. எல்லாம் ஒரே மின்னூட்டம், ஒன்றை ஒன்று விரட்ட வேண்டும். விரட்டவில்லை. ஏன்? அதைவிட வலுவான ஒன்று அவற்றை இழுத்துப் பிடித்திருக்கிறது. சரி, அந்த 'ஒன்று' எப்படி வேலை செய்கிறது? குவாண்டம் கோட்பாட்டின் பதில் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்த பதில்: இரண்டு துகள்களுக்கு நடுவில் மூன்றாவது ஒன்று ஓடுகிறது. மின்விசைக்கு ஓடுகிறவன் போட்டான் என்கிற ஒளித்துகள். அவனுக்கு நிறையே கிடையாது, அதனால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவான். அணுக்கருவைக் கட்டுகிற விசைக்கு ஓடுகிறவன் மீசான். கனம் ஜாஸ்தி, தூரம் கம்மி. கதிரியக்கத்துக்குக் காரணமான வீக் விசைக்கு ஓடுகிறவர்கள் இன்னும் பல மடங்கு கனம், அதனால் அணுக்கருவின் ஓரத்தைக்கூடத் தாண்ட மாட்டார்கள். புரோட்டானுக்கு உள்ளே போய்விட்டால் குவார்க்குகளுக்கு நடுவில் ஓடுகிற குளுவான்கள் தங்களுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு கிடக்கும். புவியீர்ப்புக்கு ஓடுகிறவனை யாரும் பார்த்ததில்லை, முழுக் கணக்கும் யாரும் போட்டு முடித்ததில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் கீழ்பென்னாத்தூர் வரை இதையே யோசித்துக்கொண்டு போவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என் முணுமுணுப்பைக் கேட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போன நாட்களும் உண்டு.

மூன்றாம் அத்தியாயம்தான் எங்கள் பெருமை. மீசான் ஓடினால் இரண்டு துகள்களுக்கு நடுவில் என்ன விசை வரும் என்று ஓர் எளிய மாதிரியை வைத்து முதலிலிருந்து கணக்குப் போட்டிருந்தோம். விடை ஈர்ப்பு என்று வந்தது. அப்படித்தான் வரவேண்டும். கணக்கு முடிந்த அன்று அவளுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

"பூஜ்யம் போட்டா மீசான் போட்டான் மாதிரி ஆயிடும். மின்விசை வரும். அதான் அழகே" என்றேன், மேசையிலிருந்து இறங்காமல்.

"அப்ப ரெண்டு எலக்ட்ரானும் ஒண்ண ஒண்ணு இழுக்குமா?"

"தள்ளும்டி. அது இன்னா கேள்வி?"

அவள் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். நிறை இருந்த இடத்தில் ஒரு பூஜ்யம் போட்டாள். அதனால் ஒன்றாகிப்போன பெருக்கல்களை அடித்தாள். மீதி இருந்தது மின்விசையின் சூத்திரம். முன்னால் ஒரு மைனஸ்.

"இழுக்குதே" என்றாள்.

நான் மேசையிலிருந்து இறங்கினேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் மின்விசைக்கு நாங்கள் போட்ட விடையில் பிளஸ். அதுதான் சரி, உலகத்துக்கே தெரிந்தது. மூன்றாம் அத்தியாயத்திலும் அதே முதல் வரியைத்தான் எழுதியிருந்தோம். அதாவது நான் எழுதியிருந்தேன். இரண்டாம் அத்தியாயத்திலிருந்து அப்படியே இறக்கி, நிறையை மட்டும் சேர்த்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் அதற்கு அப்புறம் வரும் தொகையீட்டின், அதாவது இன்டெக்ரலின், விடையைப் புத்தக அட்டவணையிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டோம். மூன்றாவதில் நாங்களே போட்டோம். ஒரே முதல் வரி. ஒன்றில் பிளஸ், இன்னொன்றில் மைனஸ். அப்படியானால் நடுவில் எங்கோ மாறியிருக்க வேண்டும்.

எங்கே என்று கண்டுபிடிக்கக் கால் மணிநேரம்கூட ஆகவில்லை. அதுதான் கொடுமை.

அந்தத் தொகையீட்டைப் போட ஒரு தந்திரம் உண்டு. கீழே ஒரு நேர்கோடு, அதன் மேல் ஒரு அரைவட்டம், உள்ளே ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குத் துருவம் என்று பெயர். அரைவட்டத்தையும் கோட்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் விடை கிடைத்துவிடும். புள்ளி இடது கைப்பக்கம் இருக்கிற மாதிரி சுற்றினால் பிளஸ். வலது கைப்பக்கம் இருக்கிற மாதிரி சுற்றினால் மைனஸ். எங்கள் கணக்கில் கோட்டின் மேல் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். அப்படிப் போனால் மேலே இருக்கிற புள்ளி இடது கைப்பக்கம்தான் வரும். பிளஸ்தான் வர வேண்டும்.

படத்தில் அம்புக்குறி தலைகீழாக இருந்தது. புள்ளி வலது கைப்பக்கம்.

படங்கள் எல்லாம் அவள் வரைந்தவை. டி.டி.பி. கடைக்காரருக்குச் சமன்பாடு அடிக்கத் தெரியாது, அதனால் அவர் விட்ட காலி இடங்களில் கறுப்பு மையால் அவள்தான் எழுதினாள், அச்சு மாதிரி. அம்புக்குறி போட்டது அவள். அதைப் பார்த்து, "வலமாச் சுத்துது, அப்ப மைனஸ்" என்று அடுத்த வரியில் மைனஸ் போட்டது நான். அம்பைத் திருப்பினால் மீசானும் தள்ளும் என்று வரும்; அப்படியானால் மீசானுக்கு முதல் வரியே தப்பு. முதல் வரியில் தப்பான பிளஸ், அடுத்து தப்பான மைனஸ். இரண்டு தப்பும் சேர்ந்து சரியான விடை. ஈர்ப்பு! அதற்குத்தான் பரோட்டா.

"ஏண்டி இந்தப் பக்கம் அம்பு போட்ட?"

"தெரியல." அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நடுவுல ஒண்ண வச்சுச் சுத்தணும்னா கை தானா இப்படித்தான் போவுது."

அவளைக் குறை சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து அவள் வாசலில் ஜனங்கள் மலையை வலது கைப்பக்கம் வைத்துத்தான் நடக்கிறார்கள். யாராவது வெள்ளைக்காரர் தெரியாமல் எதிர்ப்பக்கமாக நடந்து வந்தால் அவள் வீட்டில் இருக்கிறவர்களே கையைப் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த அம்புக்குறியை நானும் பத்து முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறைகூட உறுத்தவில்லை. வேறு ஊர்க்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார்கள் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு பிரதி தேர்வாளருக்குத் தபாலில் போய்விட்டது. மீதி நான்கு பிரதிகள் டிபார்ட்மென்ட் பீரோவில், பூட்டி. பக்கத்தை மாற்ற வழியில்லை.

எங்கள் வழிகாட்டி சாரைத் தேடிப் போனோம். சின்ன வயசுக்காரர், வேலைக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. கணக்கு ப்ராஜெக்ட் கொடுத்ததற்கே சீனியர்களிடம் பேச்சு வாங்கியவர். சைக்கிள் ஸ்டாண்டில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் உதைப்பதை நிறுத்தினார்.

"ஃபைனல் ஆன்ஸர் சரியா இல்லையா?"

"சரிதான் சார். ஆனா ரெண்டு தப்பு சேந்து..."

"சரியா வந்துருச்சு இல்ல? அப்புறம் இன்னாத்துக்குக் கிளறுற?"

"நிறைக்குப் பூஜ்யம் போட்டுக் கேட்டா மாட்டிக்குவோம் சார்."

"கேக்க மாட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்குப் பௌர்ணமி. அந்த மேடம் தேதி கேட்டப்பவே பௌர்ணமிக்கு மறுநாளாப் பாத்துப் போடுங்கன்னு கேட்டு வாங்கினாங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஆரம்பிச்சுப் பதினாலு கிலோமீட்டர் நடக்கப் போறாங்க. நாளைக்குக் கால் வீங்கி வந்து உக்காருவாங்க. கேள்வி கேக்க மாட்டாங்க, இன்னொரு நாற்காலி கேப்பாங்க. கால வைக்க."

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்படியே கேட்டா?" என்றேன்.

"அப்படியே கேட்டா..." சார் ஸ்கூட்டரை மறுபடி உதைத்தார். அது கிளம்பிவிட்டது. "நீ சென்னைக்குப் போவணுமா வேணாமா? யோசிச்சுக்கோ."

வெளியே ரோட்டில் அதற்குள் கூட்டம் நிரம்பத் தொடங்கியிருந்தது. பஸ்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போவதென்றால் தற்காலிக பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும். அவள் என்னோடு கொஞ்ச தூரம் வந்தாள். மோர்ப்பந்தல்காரர்கள் டிரம்மை உருட்டிக்கொண்டு போனார்கள். நான் வேகமாக யோசித்தேன். வேகமாக யோசிப்பதுதான் எனக்குக் கைவந்தது. அதில்தான் அடிக்கடி அசிங்கப்பட்டும் இருக்கிறேன்.

"இங்க பாரு. அம்பப் பாத்துட்டாங்கன்னு வை. படம் வரையும்போது கை தவறிப்போச்சு, அம்பு மட்டும் தலைகீழா உழுந்துருச்சுன்னு சொல்லிடலாம். மைனஸ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா, கற்பனை எண்ணோட வர்க்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு நான் சொல்லிக்கறேன். முதல் வரிப் பக்கம் யாரும் போவ மாட்டாங்க."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"அப்ப என் படம் மட்டும் தப்பு. உன் கணக்கு சரி. அப்படித்தான?"

"அப்படி இல்லடி..."

"இல்ல, கேக்கறேன். அப்படித்தான சொல்ற?"

"ஒரு அம்புக்கு எவ்வளவு மார்க்குடி கொறைப்பாங்க? ஒண்ணு. ரெண்டு. உனக்கு அது ஒண்ணுமே இல்ல. எனக்கு..."

"சரி" என்றாள். "படம் போட்டவ நான்தான. சொல்லிக்கோ."

தோளைக் குலுக்கிவிட்டுத் திரும்பிப் போனாள். கூட்டம் போகிற திசையிலேயே அவள் வீடு. சீக்கிரம் கலந்துவிட்டாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு டிபார்ட்மென்ட் வராந்தாவில் அவளைப் பார்த்தேன். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. வாசலில் சோடா விற்றாளா, இல்லை என்னை நினைத்துக் கோபத்தில் கிடந்தாளா, கேட்க தைரியம் இல்லை. "சாப்ட்டியா?" என்றேன். "ம்" என்றாள். அதோடு சரி.

தேர்வாளர் மேடம் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல், ஒல்லியாக, மெல்லிய பருத்திப் புடவையில். சார் சொன்ன மாதிரியே நொண்டிக்கொண்டுதான் வந்தார். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, மேசைக்கு அடியில் காலை நீட்டினார். சார் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பார்த்தியா, என்கிற மாதிரி.

"குதிகாலெல்லாம் எரியுதுப்பா" என்றார் மேடம். "தார் ரோடு ராத்திரியிலகூட சூடு விடல. சரி, யாரு முதல்ல?"

நான் பேசினேன். நான்கு விசைகள், நான்கு வகை ஓட்டக்காரர்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போகும், ஏன். நன்றாகத்தான் பேசினேன். அவர் நடுநடுவே தலையாட்டினார். ஒரு முறை கொட்டாவியை அடக்கினார். என் பையில் கடிதம் இருந்தது. பத்து நிமிடம் ஓடியிருக்கும். முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மூணாம் அத்தியாயத்தை வரும்போது பஸ்ஸில படிச்சேன்" என்றார் மேடம். தன் பிரதியைத் திறந்தார். ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்திருந்தார். "இந்தப் படம் யார் வரைஞ்சது?"

"நான்தான் மேடம்" என்றாள் அவள்.

"கையெழுத்து பிரமாதம். இந்த அம்பு ஏன் இந்தப் பக்கம் போகுது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேடத்தைப் பார்த்தே சொன்னாள்: "எங்க வீடு கிரிவலப் பாதையில மேடம். சுத்தறதுன்னா எனக்கு இப்படித்தான் வரும்."

மேடம் ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். காலை மேசைக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நேத்து நானும் இப்படித்தாம்மா சுத்தினேன்! அது மலைக்கு. இது துருவம். இதுக்கு எதிர்ப்பக்கமா நடந்தாத்தான் புண்ணியம்." சார்கூடச் சிரித்தார். மேடம் பேனாவை எடுத்து ஓரத்தில் ஏதோ குறித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப அது வரைஞ்சதுல வந்த பிசகு. கணக்கு வேற வழியில சரியா வந்திருக்கு. அப்படித்தானே?"

கதவைத் திறந்து வைத்துவிட்டு, போ என்று சொல்கிற மாதிரி இருந்தது. 'ஆமாம் மேடம்' என்று சொன்னால் போதும். இரண்டு சொல். சார் பேனா மூடியைத் திருகுவதை நிறுத்திவிட்டார். அவள் தன் கையெழுத்தில் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், காதோரம் சிவந்து.

அப்போது எனக்கு நேர்மை பொங்கியது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு முதலில் தோன்றியது வேறு: 'ஆமாம்' என்றால் அடுத்து 'எப்படி வந்தது, பலகையில் காட்டு' என்பார். கற்பனை எண்ணின் வர்க்கம் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. நேற்று ரோட்டில் நடந்துகொண்டே அள்ளிவிட்டது. பயம் முதலில் வந்தது. அவள் காது அதற்கு அப்புறம்தான் கண்ணில் பட்டது. ஆனால் பட்டது.

"இல்ல மேடம்" என்றேன். "அம்ப நம்பித்தான் அந்த மைனஸ் போட்டேன். முதல் வரியும் தப்பு. அதுவும் நான் எழுதினதுதான். ரெண்டும் அடிச்சுக்கிட்டு விடை சரியா வந்துருச்சு. நேத்து இவதான் நிறைக்குப் பூஜ்யம் போட்டுக் கண்டுபிடிச்சா."

சாரின் நாற்காலி கிரீச்சிட்டது.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முதல் வரி, படம், கடைசி வரி. ஒரு நிமிடம் இருக்கலாம்.

"எனக்கு அம்பு மட்டும்தான் தெரிஞ்சுது" என்றார் கடைசியில். "முதல் வரிய நான் பாக்கல." பிறகு சாக்பீஸை என் பக்கம் தள்ளினார். "சரி. மீசானுக்கு முதல் வரியில மைனஸ் வரணும். போட்டானுக்கு பிளஸ். ஏன்? எழுது."

ஏன் என்று எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. முந்தின நாளெல்லாம் மறைக்கிற வழியை யோசித்தேனே தவிர, சரியான காரணத்தை யோசிக்கவில்லை. பலகை முன்னால் போய் நின்றேன். போட்டானின் சமன்பாட்டை எழுதினேன், மீசானுடையதைப் பக்கத்தில் எழுதினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு முறை எழுதி அழித்தேன். இன்னொரு முறை எழுதி, துப்பட்டாவாலேயே அழித்தேன்.

"போட்டானுக்கு எத்தனை கூறு?" என்றது பின்னால் ஒரு குரல். மேடம் இல்லை. அவள்.

நாலு. மூன்று இடத்துக்கு, ஒன்று காலத்துக்கு. காலக்கூறுக்கு மட்டும் மற்ற மூன்றுக்கும் எதிர்க்குறி. அசையாமல் நிற்கிற இரண்டு மின்னூட்டங்கள் பேசிக்கொள்வது அந்தக் காலக்கூறு வழியாகத்தான்!

"வந்துடுச்சு மேடம்" என்றேன், திரும்பாமலேயே. வேகவேகமாக எழுதினேன். மீசானுக்குக் கூறு எதுவும் கிடையாது, திசை கிடையாது, அதனால் இயல்பான மைனஸ் அப்படியே நிற்கும், ஈர்ப்பு வரும். போட்டான் காலக்கூறின் எதிர்க்குறியையும் சேர்த்துக் கொண்டுவரும், மைனஸ் பிளஸ் ஆகும். ஒரே மின்னூட்டங்கள் தள்ளும்.

"புவியீர்ப்பு?" என்றார் மேடம். யோசிக்க விடவில்லை. "அதைக் கொண்டுபோற துகளை யாரும் பாக்கல. இருக்குன்னு வச்சுக்கோ. அதுல கூறுங்க ஒண்ணொண்ணா இல்ல, ரெண்டு ரெண்டாச் சேந்து வரும். இழுக்குமா, தள்ளுமா?"

"ரெண்டும் காலக்கூறா இருக்கும்... எதிர்க்குறி ரெண்டு தடவை... திரும்பவும் மைனஸ். இழுக்கும் மேடம்!"

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மேலே எறிந்த கல் ஏன் கீழே வருகிறது என்பதன் குறி ஒரு பலகையில், என் கையால். எதற்காக அங்கே நிற்கிறேன் என்பதே ஒரு கணம் மறந்துபோனது.

மேடம் மறக்கவில்லை.

"நல்லாச் சொன்ன. ஆனா தப்பா இருக்கிற புத்தகத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். திருத்திச் சமர்ப்பிக்கச் சொல்லி எழுதினா..." சார் குறுக்கே வந்து கடிதம், சென்னை, ஜூலை என்று தணிந்த குரலில் சொன்னார். மேடம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு மூணு மணிக்கு பஸ். அதுக்குள்ள நாலு பிரதியிலயும் திருத்தின பக்கம் இருந்தா இன்னிக்கே கையெழுத்து. இல்லன்னா நான் எழுதறதை எழுதிட்டுப் போயிடுவேன்."

மணி பன்னிரண்டே கால். நான் டி.டி.பி. கடைக்கு ஓடினேன். இன்னும் ஊரைவிட்டுப் போகாத கூட்டம் தெரு முழுக்க, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்து வளையல் கடைக்காரர், "அவரு ராவெல்லாம் அன்னதானத்துல நின்னாரும்மா, சாயங்காலம்தான் எந்திரிப்பாரு" என்றார். ஜெராக்ஸ் கடை திறந்திருந்தது, கரண்டு இல்லை. ஒரு மணி.

திரும்பி ஓடி வந்தபோது அவள் ஆய்வக மேசையில் வெள்ளைத் தாள்களை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடை மூடியிருக்கும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவள் ஊர்க்காரியாயிற்றே.

"சொல்லு" என்றாள். பேனாவைத் திறந்தாள்.

திருத்த வேண்டியது இரண்டு பக்கம். நான்கு பிரதிக்கு எட்டு. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கார்பன் வைத்தால் கீழ்த்தாள் மங்கும் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக. நான் பாதியை எழுதுகிறேன் என்று ஒரு தாளை இழுத்தேன். என் நான்கு வரியைப் பார்த்துவிட்டு, "இத வச்சா அந்தம்மா ஃபெயில் போட்டுடும்" என்று பிடுங்கிக்கொண்டாள். சிரிக்காமல்தான் சொன்னாள். வேறு பேச்சு இல்லை. சமன்பாடு, சமன்பாடு, படம். இரண்டேகால் ஆனபோது ஆறாவது பக்கம். விரலை உதறிக்கொண்டாள். நான் சொல்லும்போது ஓரிடத்தில் குறியை மாற்றிச் சொல்லிவிட்டேன். அவள் எழுதவில்லை. பேனாவைத் தூக்கிப் பிடித்து, "மறுபடி சொல்லு" என்றாள். திருத்திச் சொன்னேன். எழுதினாள்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பழைய பக்கங்களை பிளேடால் வெட்டி எடுத்து, புதியவற்றைப் பசை போட்டு ஒட்டிக் கொண்டுபோய் வைத்தோம். பசை காயவில்லை. மேடம் செருப்பை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடியே நான்கையும் படித்தார். ஒரு வரி விடாமல். ஒவ்வொரு திருத்தப் பக்கத்தின் அடியிலும் சிறிதாகக் கையெழுத்துப் போட்டார். சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மேடம் போன பிறகு சார் என்னிடம், "பேசாம இருந்திருந்தா எட்டு மார்க் ஜாஸ்தி வந்திருக்கும்" என்றார். அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ப்ராஜெக்ட்டில் அவளுக்கு என்னைவிட ஆறு மார்க் ஜாஸ்தி. பார்த்ததும் முதல் அரை நிமிடம் எனக்கு அது பிடிக்கவில்லை. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியதற்கு அர்த்தம் இல்லை. என் மொத்தத்தைக் கூட்டினேன். முதல் வகுப்புக்கு மேலே மூன்று மார்க்.

அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"சேர்றதுக்குப் போதுமா?"

"போதும்."

"அப்ப சரி."

நான் அந்த மூன்று வாரமாக மனதுக்குள் எழுதி அடித்து வைத்திருந்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்கு ரோட்டில் அப்படிச் சொன்னது, படத்தை மட்டும் மாட்டிவிடப் பார்த்தது. அவள் இரண்டு சொல்லுக்கு மேல் போக விடவில்லை.

"அதெல்லாம் வேணாம்டி. அந்த ஊர்லயும் யார் கூடவாவது சேந்து கணக்குப் போடுவ இல்ல? தப்பு வந்தா முதல்ல உன்னுதப் பாரு, அப்புறமா அவங்களுத."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஜூலை முதல் வாரம் நான் சென்னைக்குப் பஸ் ஏறினேன். அவள் வழியனுப்ப வரவில்லை. வா என்று நானும் சொல்லி அனுப்பவில்லை.